மிதிவண்டி நிறுத்தம் கோரி

எங்கள் நகரத்தில் எல்லாவற்றுக்கும் நிற்க இடம் உண்டு. கார்களுக்கென்று மாடி மாடியாகக் கட்டடம் இருக்கிறது. ஓடாத லாரிகள் பாலத்துக்கு அடியில் வருஷக் கணக்கில் நிற்கின்றன, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சிலைகளுக்கு வட்டமாக இடம் ஒதுக்கி, சுற்றிலும் புல் வளர்த்து, அந்தப் புல்லில் யாரும் கால் வைத்துவிடாதபடி வேலியும் போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கு மட்டும் இடம் கிடையாது. சைக்கிள் என்பது போய்க்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று, அது நிற்க ஆசைப்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நகரத்தைக் கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இதனால் அதிகம் அவதிப்பட்டவர் பல்செட்காரர். அவர் பல்செட் செய்பவர் அல்ல, கொண்டுபோய்க் கொடுப்பவர். பல் லேபில் செய்து முடித்த பல்செட்டுகளைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, சைக்கிளின் முன்கூடையில் வைத்து, நகரம் முழுக்க உள்ள பல் ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துப் போவார். திரும்பி வரும்போது புது ஆட்களின் வாய் அச்சுகளை வாங்கி வருவார். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கூடையில் வந்ததுதான் என்று அவர் சொல்லிக்கொள்வார். அது கொஞ்சம் மிகைதான். கால்வாசி இருக்கலாம்.

அவர் அதிகமாகப் போக வேண்டிய இடம் டாக்டர் தெரு. தெருவின் இரண்டு பக்கமும் டாக்டர்கள், எல்லோரும் மாடியில். கீழே மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, நடுவில் கேட்டுகள். ஒவ்வொரு கேட்டிலும் 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்' என்று ஒரு பலகை. விளக்குக் கம்பத்தில் கட்டினால் மின்சாரத்துறை வந்து அறுக்கும். மரத்தில் கட்டினால் பூங்காத்துறை வந்து அறுக்கும். சுவரில் சாய்த்தால் காவலாளி வந்து மனிதனையே அறுப்பது மாதிரிப் பேசுவார். ஆகவே பல்செட்காரர் சைக்கிளைச் சாலை ஓரமாக அப்படியே விட்டுவிட்டு, இரண்டு படிகளாகத் தாவி மேலே ஓடி, பல்லைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே வேகத்தில் கீழே ஓடி வருவார். அதற்குள் மாநகராட்சியின் நீல லாரி வந்துவிடக் கூடாது. கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை அள்ளிப் போடுவதுதான் அந்த லாரியின் உத்தியோகம்.

ஒரு முறை அது வந்துவிட்டது. சைக்கிளை மீட்பதற்காக அலைந்த அலைச்சலில் மற்ற பற்கள் எல்லாம் தாமதமாகிவிட்டன. ஒருவர் பல் இல்லாமலேயே வேலைக்கான நேர்காணலுக்குப் போய் வந்தார். லேப் முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீங்க வீட்டுலயே இருந்துக்குங்க. நான் பைக் வச்சிருக்கற ஆளாப் பாத்துக்கறேன்" என்றார்.

பல்செட்காரருக்கு பைக் வாங்கவும் வழியில்லை, ஓட்டவும் வராது, இந்த வயதில் வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதும் இல்லை. சைக்கிள் போனால் வேலை போகும். விஷயம் அவ்வளவுதான். இதைத் தீர்க்க மலையைப் புரட்ட வேண்டியதில்லை. முழங்கால் உயரத்துக்கு வளைத்த நாலு இரும்புக் குழாயைத் தெரு ஓரத்தில் நட்டால் போதும். பூட்டிவிட்டு நிம்மதியாக மேலே போய் வரலாம். டாக்டர் தெருவில் நடுவதைப் போல மற்ற பகுதிகளிலும் நட்டால் இன்னும் உத்தமம். டியூஷன் வாத்தியார், பால்காரர், ஆஸ்பத்திரி ஆயா என்று அவரைப் போல ஓடுகிறவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள்.

"ஒரு மனு குடுத்துட்டா செஞ்சிடுவாங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு மாநகராட்சித் தலைமை அலுவலகத்தில்தான் வேலை, லிஃப்ட் ஓட்டும் வேலை. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர் என்பதால் ஸ்டூல் மட்டும் சொந்தம்.

"மேல ஏறும்போது எல்லாரும் வேலையப் பத்திப் பேசுறாங்க. கீழ எறங்கும்போது சாப்பாட்டப் பத்திப் பேசுறாங்க. நடுவுல என்ன நடக்குதுன்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியலங்க. எதுக்கும் குடுத்துப் பாருங்க" என்றார்.

மனு வாங்கும் ஜன்னலில் இருந்த எழுத்தர் காகிதத்தை வாங்கி, தலைப்பை மட்டும் படித்துவிட்டு, வெளியே தள்ளினார்.

"சைக்கிளும் இல்ல, ஸ்டாண்டும் இல்ல."

"ஆமாங்க, அது இல்லாததாலதான் கேக்குறேன்."

"அந்த வார்த்தைங்க இல்லன்னு சொல்றேன். சர்க்குலர் வந்திருக்கு. இனிமே தமிழ் இல்லாத எதுவும் இந்த கவுண்டர்ல என்ட்ரி ஆகாது. சைக்கிள்னா மிதிவண்டி."

பல்செட்காரர் ஓரமாகப் போய், 'மிதிவண்டி நிறுத்தும் இடம் வேண்டும்' என்று திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். எழுத்தர் நல்ல மனிதர். அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். 'இடம்'ங்கற வார்த்தைய அடிச்சிடுங்க. இடம்னு கண்ணுல பட்டா இது நிலப் பிரிவுக்குப் போயிடும். அங்க போன காகிதம் எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. 'நிறுத்தம்'னு சுருக்கமாப் போடுங்க. சர்க்குலர் பட்டியல்ல இருக்கற வார்த்த. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

'எங்கள் பகுதியான டாக்டர் தெருவில் மிதிவண்டி நிறுத்தம் வேண்டும்' என்று பல்செட்காரர் எழுதினார். எழுத்தர் அதில் முத்திரை குத்தினார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று பல்செட்காரர் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மணியை அநாவசியமாக இரண்டு முறை அடித்தார்.

மாநகராட்சியைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். மனு பேருந்து நிறுத்தப் பிரிவுக்குப் போயிற்று. நிறுத்தம் என்ற சொல்லை அந்தப் பிரிவு தன் சொந்தப் பிள்ளையாகக் கருதியது. சில நாட்களிலேயே டாக்டர் தெருவில் ஒரு மஞ்சள் கம்பம் முளைத்தது. அதன் உச்சியில் சைக்கிள் படம் போட்ட பலகை, கீழே 'மிதிவண்டி நிறுத்தம்' என்ற எழுத்து. திறந்துவைக்கப் பிரிவின் பொறியாளரே வந்தார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இதுவரைக்கும் இந்த நகரத்துல மிதிவண்டிங்க தன் இஷ்டத்துக்கு எங்க வேணா நின்னுட்டிருந்துச்சு. இனிமே அதுங்களுக்கும் ஒரு ஒழுங்கு வரும். எங்க பிரிவு எத்தனையோ பேருந்து நிறுத்தங்கள அமைச்ச அனுபவமுள்ள பிரிவு. அங்கெல்லாம் பேருந்து நிக்கறதில்லன்னு சில பேரு குறை சொல்றாங்க. நிறுத்தம் அமைக்கறது எங்க பொறுப்பு. பேருந்து நிக்கறது வேற துறையோட பொறுப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். பல்செட்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். கேட்டது நாலு வளைந்த குழாய், வந்தது ஒரு நேரான குழாய். ஆனாலும் குழாய் குழாய்தானே. கூட்டம் கலைந்ததும் சைக்கிளைக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அன்று அவர் மாடிப்படியில் ஓடவில்லை, ஒரு மனிதனைப் போல நடந்து ஏறினார்.

கீழே இறங்கி வந்தபோது காக்கி உடையில் ஒருவர் விசிலோடு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நிறுத்தக் கண்காணிப்பாளர் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"இது உங்க வண்டியா? எடுங்க மொதல்ல."

"நிறுத்தம்னு போட்டிருக்குதே."

"அதத்தான் சொல்றேன். பஸ் ஸ்டாப்புல பஸ்ஸக் கட்டிப் போட்டுட்டு டிரைவர் மாடிக்குப் போயி எங்கயாவது பாத்திருக்கீங்களா? நிறுத்தம்னா நிக்கணும், போகணும். இருக்கக் கூடாது."

மறுநாளிலிருந்து டாக்டர் தெரு வழியாகப் போகும் ஒவ்வொரு சைக்கிளும் மஞ்சள் கம்பத்தின் அருகில் நின்றாக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நின்று, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் ஏறுபவர் யாராவது உண்டா, இறங்குபவர் யாராவது உண்டா என்று பார்த்துவிட்டு விசில் அடிப்பார். அப்புறம் போகலாம். காலையில் சைக்கிள்கள் தெரு முனைவரை வரிசையில் நின்றன. ஏறுவதற்கோ இறங்குவதற்கோ ஒருவரும் இல்லை என்பது ஒவ்வொரு முறையும் முறையாக உறுதி செய்யப்பட்டது. பால்காரர் பாலோடு நின்றார். ஆஸ்பத்திரி ஆயா நேரமாகிவிட்டதே என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இதை எந்த மகராசன் கேட்டு வாங்கினான் என்று வரிசையில் யாரோ விசாரித்தபோது, பல்செட்காரர் தன் சைக்கிள் செயினில் ஏதோ பழுது இருப்பது போலக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கு மறுபடியும் லாரி வந்தது. மாடி ஜன்னலில் இருந்து நீல நிறத்தைப் பார்த்த பதற்றத்தில், ஒரு அம்மாளுக்கான மேல்செட்டை வேறொருவருடைய கீழ்செட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு அவர் கீழே பாய்ந்தார். சைக்கிள் தப்பியது. இரண்டு வாய்களும் தப்பவில்லை. முதலாளி இந்த முறையும் கத்தவில்லை. பைக் வைத்திருக்கும் ஒருவரை வரச் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார்.

பல்செட்காரர் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார். லிஃப்டில் ஏற்கெனவே இரண்டு அதிகாரிகள் இருந்ததால் அவருடைய மனைவி அவரை அடையாளம் தெரியாதவர் போல, "எந்த மாடிங்க?" என்று கேட்டார். நிறுத்தம் சம்பந்தமாக என்று அவரும் அந்நியரைப் போலவே சொன்னார். மனைவி நாலாவது மாடியின் பொத்தானை அழுத்தினார். அவர் இறங்கும்போது மனைவியின் கை அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டது.

நாலாவது மாடியில் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேருந்துப் பிரிவினர் அவசரக்குடுக்கைகள், எது வந்தாலும் கம்பம் நட்டுவிடுவார்கள் என்றார்கள். மனுவில் இருப்பது அந்த நிறுத்தமே இல்லையாம். அவரை ஒரு நீள மேசைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பக்கத்தில் 'நிர்வாகத் தரப்பு' என்று அட்டை வைத்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் 'மிதிவண்டித் தரப்பு'. பல்செட்காரர் அந்த அட்டைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தார். நடுவில் சமரச அதிகாரி. வேலைநிறுத்தங்களைப் பேசித் தீர்ப்பது அவருடைய துறை.

"நிறுத்தம் எப்பலருந்து?" என்று அவர் கனிவாக ஆரம்பித்தார்.

"இன்னும் இல்லீங்க. வேணும்னுதான் மனு குடுத்திருக்கேன்."

"முன்னறிவிப்பு. ரொம்ப நல்ல பழக்கம். நெறையப் பேரு சொல்லாமக் கொள்ளாம நிறுத்திடறாங்க. சரி, ஒருநாள் அடையாள நிறுத்தமா, காலவரையற்றதா?"

"எப்பவும் இருக்கணுங்க. மழையிலயும் வெயில்லயும் இருக்கணும்."

சமரச அதிகாரியின் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்தவர் 'காலவரையற்றது' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

"உங்க தரப்போட கோரிக்கை என்ன?"

"நிறுத்தந்தாங்க."

"இல்ல, கோரிக்கைக்காகத்தான் நிறுத்தம் பண்ணுவாங்க. நிறுத்தமே கோரிக்கையா இருந்தா, நாங்க எதக் குடுத்து அந்த நிறுத்தத்த நிறுத்தறது?"

அந்தக் கேள்விக்கு யாருக்குப் பதில் தெரியும்? சமரச அதிகாரி அவர் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க. என் சர்வீஸ்ல நான் ஒரு பிரச்சினையக்கூடத் தீர்த்து வச்சதில்ல. ஆனா எல்லாத்துக்கும் பேச்சுவார்த்த நடத்தியிருக்கேன். பேச்சுவார்த்தன்னா என்ன? ரெண்டு தரப்பும் பேசிப் பேசிக் களைச்சுப் போறது. ரெண்டு தரப்பும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா அதுக்குப் பேரு சமரசம்."

மாலைவரை பேச்சுவார்த்தை நடந்தது. நிர்வாகத் தரப்பு தேநீர் குடித்தது. மிதிவண்டித் தரப்புக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் அது அழாத குறையாகச் சொன்னது.

"சார், எதையும் நிறுத்தறதுக்கு இல்ல சார். ஒரு ஓரமா நிறுத்தி வைக்கறதுக்கு. நிறுத்தி வச்சிட்டுப் போயி வேலைய முடிச்சிட்டு வந்து எடுத்துக்கணும். அவ்வளவுதான்."

"நிறுத்தி வைக்கறதா?" சமரச அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். பெரிய பாரம் இறங்கிய முகம். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நிறுத்திவைப்பு எங்க செக்சனே இல்ல. ஆறாவது மாடி."

ஆறாவது மாடியில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு இருந்தது. அங்கிருந்த விசாரணை அதிகாரி கட்டடத்திலேயே மிக மென்மையான மனிதர். பல்செட்காரர் வந்ததும் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். இதுவரை யாரும் அவருக்கு நாற்காலி காட்டியதில்லை.

"நாங்க இங்க சம்பள உயர்வ நிறுத்தி வைப்போம். பதவி உயர்வ நிறுத்தி வைப்போம். ஓய்வூதியத்த நிறுத்தி வைப்போம்" என்று குடும்பத்தாரை அறிமுகப்படுத்துவது போல அன்போடு சொன்னார். "வண்டிய இதுவரைக்கும் வச்சதில்ல. ஆனா எங்க விதியில கடைசியா 'முதலியன'ன்னு ஒரு வார்த்த இருக்கு. அத எழுதுன புண்ணியவான் யாருன்னு தெரியல. அதுல உலகமே அடங்கும். நீங்க கவலய விடுங்க. முறைப்படி நோட்டீஸ் வரும், ஒரு பதில் மட்டும் எழுதிப் போடுங்க."

நோட்டீஸ் வந்தது. 'மேற்படி மிதிவண்டியை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்பதற்கான காரணங்களைத் தெரிவிக்கவும்' என்று அதில் இருந்தது. பல்செட்காரர் அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். படிக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? எல்லாரும் நிறுத்தாத, நிறுத்தாதன்னுதான் சொன்னாங்க. ஏன் நிறுத்தக் கூடாதுன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டிருக்கார்."

மனைவி அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இது சரியாப் படலீங்க. இந்த மாதிரிக் காகிதத்தக் கையில வச்சுக்கிட்டு ஆறாவது மாடியிலருந்து எறங்குனவங்க யாரும் சிரிச்சுக்கிட்டு எறங்குனதில்ல. கீழ்த்தளம் வர்றவரைக்கும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. பதில் எழுதாம விட்டுடுங்களேன்."

அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் தெருத் தெருவாகத் துரத்தப்பட்ட ஒருவனிடம் முதல் முறையாக ஒரு அலுவலகம் 'ஏன் கூடாது' என்று கேட்டால், அவன் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பான்? 'தாராளமாக நிறுத்திவைக்கலாம். எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. என்னுடையதை மட்டுமல்ல, நகரின் எல்லாப் பகுதிகளிலும் எல்லோருடைய மிதிவண்டிகளையும் நிறுத்திவைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டார். டியூஷன் வாத்தியார், ஆயா, பால்காரர் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உத்தரவு வெளியானது. பொதுமக்களின் எழுத்துப்பூர்வமான வேண்டுகோளை ஏற்று, நகரின் எல்லாப் பகுதிகளிலும் மிதிவண்டிகள் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன. ஒன்றாக இருந்த நீல லாரி பலவாகப் பெருகியது. டாக்டர் தெருவில்தான் முதல் நடவடிக்கை. நின்ற சைக்கிள், ஓடிய சைக்கிள் என்ற பாகுபாடு பார்க்கவில்லை. மஞ்சள் கம்பத்தின் அருகில் ஒரு காலை ஊன்றி, விசிலுக்காகக் கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பல்செட்காரரின் சைக்கிளைத் தூக்கினார்கள். டப்பாக்களை எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். அவர் அவற்றை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். எதிரே பால்காரர் கேன்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மனு எழுதியவர் யார் என்று உத்தரவைப் பார்த்துப் பால்காரருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்செட்காரருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி எதையும் குத்திக்காட்டவில்லை. "சாப்பிடுங்க மொதல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் சாப்பிட்டார். அந்த நேரத்தில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

முதலாளி போனில் கூப்பிட்டார். "நாளைக்கு ஆணையரோட மேல்செட் போகணும். காலையில விழாவுல பேசறார். டாக்டர் தெரு டாக்டரம்மா அவர அங்க வந்து மாட்டிக்கச் சொல்லியிருக்காங்க. பறந்து போவீங்களோ, உருண்டு போவீங்களோ எனக்குத் தெரியாது. இது போய்ச் சேந்தா உங்களுக்கு வேலை இருக்கு."

ஆணையர் என்றால் மாநகராட்சி அதிகாரிகளுக்கெல்லாம் தலைவர். பல்செட்காரர் விடிந்ததும் லேபுக்குப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். பேருந்துகள் வந்தன. நிற்கவில்லை, அது வேறு துறையின் பொறுப்பு. ஆகவே நடந்தார். ஊரே நடந்துகொண்டிருந்தது. வியர்க்க விறுவிறுக்க அவர் டாக்டர் தெரு மாடியை எட்டியபோது பல் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தார். விழாவுக்கு நேரமாச்சுன்னு பல்லு இல்லாமயே கெளம்பிட்டார். சைக்கிள் கெடங்குக்குத்தான் போயிருக்கார். முடிஞ்சா அங்க குடுத்துடுங்க."

அள்ளிவந்த சைக்கிள்களை வைக்க மாநகராட்சி தன் பழைய கிடங்கைப் புதுப்பித்திருந்தது. அதைத் திறந்துவைப்பதுதான் விழா. பல்செட்காரர் போய்ச் சேர்ந்தபோது ஆணையர் பேச ஆரம்பித்துவிட்டார். மேல்வரிசைப் பல் இல்லாததால் அவர் வாயிலிருந்து எழுத்துகள் வரவில்லை, காற்றுதான் வந்தது. "ஃபொதுமக்கள் ஃவேண்டுகோள..." என்று ஒரு இடத்தில் ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. யாரும் ஒரு வித்தியாசத்தையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் பலமாகக் கை தட்டினார்கள். பேச்சின் அச்சிட்ட பிரதியை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். 'இந்த நகரத்தில் இனி ஒரு மிதிவண்டிகூட நிற்க இடமில்லாமல் அலையாது. அலைவதற்கு ஒரு மிதிவண்டியும் இருக்காது' என்று அதில் இருந்தது.

ஆணையரின் உதவியாளர் பல்செட்காரரைப் பார்த்துவிட்டார். "நீங்கதானே மனுதாரர்? எங்க போயிட்டீங்க? மேடைக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேடையில் அவரைக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். கூட்டத்தின் கடைசியில் ஆயா நிற்பது அவருக்குத் தெரிந்தது. பல்செட்காரர் தலை குனிந்தபடி டப்பாவை ஆணையரிடம் நீட்டினார்.

"ஐயா, இது உங்களோடது."

ஆணையர் நெகிழ்ந்துபோனார். பொதுமக்கள் தரும் நினைவுப் பரிசு என்று நினைத்து, படமெடுப்பதற்காக இரண்டு கையாலும் பெற்று, பிரிக்காமலேயே உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் அதை மற்றப் பரிசுகளோடு ஒரு பெட்டியில் போட்டார். பெட்டி காரில் ஏறியது.

"ஐயா, என் சைக்கிள மட்டும் குடுத்துட்டீங்கன்னா..." என்று பல்செட்காரர் கை கூப்பினார்.

ஆணையர் அவர் முதுகைத் தட்டி நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பல்செட்காரர் உதவியாளரைப் பார்த்தார். "மனுவா எழுதிக் குடுக்கச் சொல்றார்" என்றார் உதவியாளர்.

மேடையை விட்டு இறங்கியபோது போன் அடித்தது.

"பல்லு அவரு வாயில இருக்கா?" என்றார் முதலாளி.

"அவருகிட்டக் குடுத்துட்டேங்க."

"வாயில இருக்கான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

"சரி. நாளைக்கு வர வேண்டாம்."

பல்செட்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். மனு எழுதலாம். ஆனால் எந்த வார்த்தையைப் போட்டு எழுதுவது? எதைப் போட்டாலும் அதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு மாடி இருக்கும். இனி ஒரு வார்த்தையும் எழுத அவருக்குத் தைரியம் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கிடங்குக்குள் போனார். கண்ணுக்கு எட்டியவரை கூரைக்கு அடியில் சைக்கிள்கள். ஒன்றின் மேல் ஒன்று சரியவில்லை, ஒன்றுகூடச் சாயவில்லை. ஒவ்வொன்றுக்கும் முழங்கால் உயரத்துக்கு வளைத்துத் தரையில் பதித்த ஒரு இரும்புக் குழாய், துருப் பிடிக்காமல் இருக்க இரண்டு பூச்சு வண்ணம். ஒரு வரிசையின் நடுவில் அவருடைய சைக்கிள் நிமிர்ந்து நின்றிருந்தது. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். குழாய் அசையவில்லை. நல்ல வேலை. யாரோ மனசு வைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு கணம் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"தொடாதீங்க, பாத்துட்டுப் போயிடுங்க" என்றார் கிடங்குக் காவலாளி. கண்டிப்பு இல்லாத குரல்தான்.

"இது ரொம்ப நல்லா இருக்குதுங்க. இதே கம்பிய டாக்டர் தெருவுல ஒரு நாலு நட்டிருந்தா போதுமே."

காவலாளி அவரை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அங்க எதுக்குங்க? அங்கதான் இப்ப சைக்கிளே வர்றதில்லையே."